கெக்கோவுக்குத் தோல் சரியாக உரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை ஆசைப்பட்டதே என்று வாங்கிய லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லி சில மாதங்களில் அம்மா அப்பாவின் பொறுப்பில் வந்து சேர்ந்துவிடுவது வழக்கம்தான். நவம்பரில் வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் கேள்விகளும் தொடங்கும். தோல் பாதி உரிந்து நிற்கிறது, கால் விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, ஒரு கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. கனடா, இங்கிலாந்து மாதிரிக் குளிர்நாடுகளில் இதை வளர்க்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் லெப்பர்ட் கெக்கோவைப் பற்றியதுதான். இன்னொரு வகையான கிரெஸ்டட் கெக்கோவுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் விரல் பற்றிய கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

திடீரென்று வெளுத்துப்போய், சாம்பல் பூசியது மாதிரி இருக்கிறது. நோயா?

இல்லை, தோல் உரிக்கப் போகிறது. பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் முழுசாக உருவான பிறகு, இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்து பழையதைப் பிரித்துவிடும். மேல்தோல் இப்படி விலகி நிற்பதால்தான் மஞ்சளும் புள்ளியும் மங்கிப்போய்த் தெரிகின்றன. ஓரிரு நாள் இரையைக் கண்டுகொள்ளாது. மறைவிலேயே கிடக்கும். தொட்டால் எரிச்சல்படும். அப்புறம் மூக்கைக் கல்லில் தேய்க்கும். உதட்டோரத்தில் தோல் விடும். அந்த இடத்திலிருந்து உடம்பைத் திருப்பித் திருப்பி வாயால் கவ்வி இழுத்து, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு விரல் விரலாகக் கழற்றும். பெரும்பாலும் இரவில் நடந்துவிடுவதால், பல மாதம் வளர்ப்பவர்கள்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் புது நிறத்தில் பளிச்சென்று நிற்கும், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் கையில் எடுக்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

உரித்த தோல் எங்கே? கூண்டு முழுக்கத் தேடிவிட்டேன்.

தின்றுவிட்டது. தோலில் உள்ள சத்தை வீணாக்காமல் இருக்க என்றும், தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயத்தை அழிக்க என்றும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். எதுவானாலும் பழக்கம் இயல்பானது, தடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தோல் கிடைக்காததால், முழுசாக உரிந்ததா இல்லையா என்று தோலைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை உரிக்கும்?

குஞ்சு வேகமாக வளர்வதால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை. வளர்ந்தது ஏறக்குறைய மாதம் ஒருமுறை. சிலதுக்கு ஆறு வாரம்கூட ஆகும். சமையலறை நாட்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள், இரண்டு மூன்று முறையில் உங்களுடையதன் கணக்கு பிடிபட்டுவிடும். வளர்ந்த கெக்கோ பத்து நாளுக்கு ஒருமுறை உரிக்கத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி அல்ல. சூட்டுக்காயமோ தோலில் தொற்றோ இருக்கலாம், வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கடையில் இதைப் பாலைவனப் பிராணி, காய்ந்த மணல் போதும் என்றார்களே?

பாதி உண்மை. லெப்பர்ட் கெக்கோவின் சொந்த ஊர் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், அவற்றை ஒட்டிய வடமேற்கு இந்தியப் பகுதிகள். எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் 1854இல் அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியபோது கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தார். அதாவது நம் துணைக்கண்டத்துப் பிராணிதான், நம்மைப் போலவே புலம்பெயர்ந்து வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஊர் வறண்டதுதான். ஆனால் வெறும் மணல்மேடு இல்லை. கல்லும் கெட்டி மண்ணும் புல்லும் கலந்த நிலம். பகல் வெயிலில் இது வெளியே வராது. பாறை இடுக்கிலும் வளையிலும் படுத்திருக்கும். வெளியே காற்று எவ்வளவு காய்ந்திருந்தாலும் அந்த இடுக்குக்குள் மண்ணின் ஈரம் தங்கியிருக்கும். தோல் உரிக்க அதற்கு வேண்டியது அந்த ஈரம்தான். கண்ணாடித் தொட்டியில் காய்ந்த மணலைக் கொட்டி, மேலே ஒரு விளக்கைப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் பாறையை வைத்துவிட்டால் வெயில் மட்டும்தான் வந்திருக்கிறது, வளை வரவில்லை.

கோடையில் ஒரு பிரச்சினையும் இல்லை. குளிர்காலத்தில் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

உங்கள் உதடு வெடிக்கும் அதே காரணம். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 2 கிராம் நீராவிக்குத்தான் இடம் உண்டு. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடேறும்போது 18 கிராம் வரை ஏந்த முடியும். ஆனால் அதனிடம் இருப்பதோ பழைய 2 கிராம்தான். கணக்குப் போட்டால் ஈரப்பதம் ஏறக்குறைய 11 விழுக்காடு. சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, குளியலறை ஆவி எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றும். என்றாலும் 20 விழுக்காட்டில் நிற்கும் வீடுகள் நிறைய.

தோலுக்கும் தோலுக்கும் நடுவே சுரக்கும் திரவம் இந்தக் காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. பிரிந்த தோல் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. முதுகில் ஒட்டினால் பெரிய கேடில்லை, அடுத்த முறை சேர்த்து உரித்துவிடும். விரலிலும் வால் நுனியிலும் கண்ணிலும் ஒட்டினால்தான் வம்பு.

கூண்டுக்குள் 30 முதல் 40 விழுக்காடு இருந்தால் நல்லது, ஈரப்பெட்டிக்குள் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) 70, 80. அளக்க டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டவைக்கும் முள் வைத்த வட்டமானி அழகுக்குத்தான். 20 இருக்கும் இடத்தில் சாவகாசமாக 50 காட்டிக்கொண்டிருக்கும். அளவியை மேலே மாட்டாமல் கெக்கோ நடக்கும் உயரத்தில் வையுங்கள்.

சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றே ஈரம். அங்கே இரவும் பகலும் ஏசி ஓடும் அறையில் கூண்டை வைத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கதை பொருந்தும்.

ஈரப்பெட்டி என்றால் என்ன? எப்படிச் செய்வது?

ஒரு ஆள் நுழையும் வாசலோடு, உள்ளே ஈரமாக இருக்கும் மூடிய பெட்டி. ஆள் என்றால் கெக்கோ. இதற்காகக் கடையில் காசைக் கொட்ட வேண்டியதில்லை. தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா ஒன்று போதும். நம் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் மீன்குழம்புதான் இருக்கும், அப்படிக் குழம்பு வைத்த டப்பாவென்றால் எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் போக நன்றாகக் கழுவுங்கள்.

கெக்கோ உள்ளே புகுந்து உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அந்த அளவுக்குப் பெரியதாக எடுங்கள். மூடி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவரில், தரையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில், அதன் உடம்பைப்போல் இரண்டு மடங்கு அகலத்துக்கு வட்டமாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இதைச் சோம்பலால் விட்டால் வயிறு கீறும். உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பரப்புங்கள். அது இல்லாவிட்டால் தேங்காய் நார்த்தூள், அதுவும் இல்லாவிட்டால் மடித்த கிச்சன் டிஷ்யூ. கையில் அள்ளிப் பிழியும்போது சொட்டு விழக்கூடாது, ஆனால் கை நனைய வேண்டும். அந்தப் பதம்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குளிர்ந்த பக்கத்தில் வைத்தால் பெட்டிக்குள் சில்லென்று ஈரம் மட்டும் இருக்கும், கெக்கோ எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சூடான பக்கத்திலோ நடுவிலோ, ஹீட் மேட்டின் (கூண்டுக்கு அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பு) ஓரம் பெட்டியின் அடியில் படும்படி வையுங்கள். உள்ளே 28 முதல் 30 டிகிரி இருந்தால் அது அங்கேயே குடிபுகுந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை பாசியை மாற்றுங்கள்; கெட்ட வாடை வந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ அன்றே.

உரிக்கும் நேரத்தில் மட்டும் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வருடம் முழுக்க வையுங்கள். எப்போது வேண்டும் என்று அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

பதிலாகக் கூண்டு முழுக்கத் தண்ணீர் தெளித்தால்?

வேண்டாம். குளிர்வீட்டில் அரை மணியில் காய்ந்துவிடும். காயாமல் எந்நேரமும் நனைந்திருந்தால் நுரையீரல் தொற்றும் தோல் புண்ணும் வரும்.

உரித்து முடித்ததும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பழக்கமாகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஒரு காலுக்கு ஐந்து, மொத்தம் இருபது விரல். ஒவ்வொன்றையும் பாருங்கள். கெக்கோவைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை, ஒரு வெளிப்படையான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு அடியிலிருந்து கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். சுத்தமான விரல் மெலிந்து, தோல் நிறத்தில், நுனியில் பொடி நகத்தோடு இருக்கும். ஒட்டிய தோல் இரண்டு விதமாகத் தெரியும். விரல் முழுவதும் வெள்ளை உறை போட்டது மாதிரி இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. விரலின் நடுவே மெல்லிய ஒரு வளையம் மட்டும் நின்றிருந்தால் சட்டென்று தெரியாது, ஆபத்து அதில்தான். காய்ந்ததும் அது சுருங்கும். வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் மாதிரி இறுக்கி, ரத்தம் போகாமல் தடுத்து, நுனியை அழுகவைத்துவிடும்.

அடுத்தது வால் நுனி. அங்கும் இதே கதைதான். பிறகு கண் இமையின் உள்விளிம்பு, மூக்குத் துவாரம், காது. லெப்பர்ட் கெக்கோவின் காதுத் துளை வழியாக வெளிச்சம் பாய்ச்சினால் மறுபக்கக் காதில் வெளிச்சம் தெரியும், அவ்வளவு மெல்லிய தலை. ஒரு பக்கம் தெரியாமல் அடைத்திருந்தால் உள்ளே தோல் திரண்டிருக்கலாம். அதை நீங்கள் குடையாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாகப் பின்கால் இடுக்கும் மலத்துவாரத்தைச் சுற்றியும்.

உரித்த அன்றே பதற வேண்டாம். ஒரு முழு நாள் விடுங்கள். மிச்சமிருப்பதைப் பல நேரம் தானே கடித்து எடுத்துவிடும்.

ஒரு நாள் ஆகியும் விரலில் ஒட்டியிருக்கிறது. எப்படி எடுப்பது?

காய்ந்த தோலை இழுக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் செய்யாமலிருந்தால் பாதிச் சேதத்தைத் தவிர்த்துவிடலாம். இழுத்தால் அடியில் இருக்கும் புதுத்தோலும், சில சமயம் நகமும் கூடவே வரும்.

மூடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து மூடியில் காற்றுத்துளை போடுங்கள். அடியில் டிஷ்யூவை நாலாக மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கால் விரல்கள் மூழ்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் சூடு 28, 30 டிகிரி. இங்கே நம் கை நம்மை ஏமாற்றும். குழந்தையைக் குளிப்பாட்டும் இதமான சூடு என்று தோன்றினால் அது கெக்கோவுக்கு ஏற்கெனவே அதிகம். கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. வெப்பமானி இருந்தால் சந்தேகமே இல்லை. கெக்கோவை உள்ளே விட்டு மூடி, இருபது நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். டப்பாவை அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது.

பிறகு ஈரத்துணியின் மேல் அதை நிற்கவிட்டு, காலின் அடியில் உங்கள் விரலைக் கொடுங்கள். அது பிடித்துக்கொள்ளும். நனைத்த காட்டன் பட்ஸை விரலின் அடியிலிருந்து நகத்தை நோக்கி மெல்ல உருட்டுங்கள். தேய்ப்பது இல்லை, உருட்டுவது. ஊறிய தோல் ஓரத்தில் கொஞ்சம் எழும்பும், இன்னும் இரண்டு உருட்டலில் வெள்ளைக் குழாயாக நகத்தைத் தாண்டிக் கழன்று வரும். அதைத் திருப்பிப் பார்த்தால் நகத்தின் உறைகூட நுனியில் இருக்கும். சிலதில் போன மாதத்துத் தோல், அதற்கு முந்தையது என்று இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். ஒன்று வந்ததும் முடிந்தது என்று விட்டுவிடாமல் மறுபடி படமெடுத்துப் பாருங்கள்.

வரவில்லையா, விடுங்கள். நாளைக்கு மறுபடி ஊறவையுங்கள். ஒரே உட்காரலில் இருபது விரலையும் முடித்துவிட வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டாம். கெக்கோ திமிறத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். திமிறும்போது வாலைப் பிடித்து நிறுத்தாதீர்கள். வால் கையோடு வந்துவிடும். மறுபடி முளைக்கும் என்றாலும், அதில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பு போய்விடும், முளைப்பதும் பழைய அழகில் இருக்காது.

ஊசி, பிளேடு, நகவெட்டி எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. மூன்று நாள் ஊறவைத்தும் அசையவில்லை என்றாலோ, அதற்கு முன்பே விரல் வீங்கிச் சிவந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

விரல் நுனி கறுத்துவிட்டது.

ஊறவைப்பதோடு நிற்கும் கட்டம் தாண்டிவிட்டது. அந்த நுனி செத்துவிட்டது, திரும்பி வராது. லெப்பர்ட் கெக்கோவின் வால் முளைக்கும், விரல் முளைக்காது. இப்போது கவலை எல்லாம் அழுகல் மேலே ஏறக்கூடாது என்பதுதான். மருத்துவர் மிச்சத் தோலை எடுத்து, தேவைப்பட்டால் நுனியை நீக்கி, தொற்றுக்கு மருந்து கொடுப்பார். அதுவரை மணலையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ விரிப்பில் வையுங்கள். ஓரிரு விரல் போன கெக்கோ நன்றாகவே நடக்கும், வேட்டையாடும். நம் வீட்டுப் பல்லி மாதிரி இதற்குச் சுவரில் ஒட்டும் பாதம் கிடையாது, தரையில் நடக்கும் ஜீவன்தான் என்பதால் பெரிய குறை தெரியாது. ஆனால் குட்டையான விரலில் அடுத்தடுத்த முறையும் தோல் நிற்க வாய்ப்பு அதிகம், அங்கே எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? நல்லெண்ணெய்?

நம் வீடுகளில் எதற்கும் முதல் மருந்து அதுதான், தெரியும். ஆனால் காய்ந்த தோலுக்குத் தேவை தண்ணீர். எண்ணெய் தண்ணீரை உள்ளே விடாது. மேலும் தூசியும் விரிப்புத் துகளும் அதில் ஒட்டும், மூக்கை அடைக்கும், நக்கித் தொலைக்கும். வாசலின், மஞ்சள், கற்றாழை எல்லாவற்றுக்கும் இதே பதில். கடையில் விற்கும் தோலுரிப்பு ஸ்பிரே கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் கெடுதல் இல்லை. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

ஒரு கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது.

லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, மூடித் திறக்கும். பெரும்பாலான கெக்கோக்களுக்கு அது இல்லை. அந்த இமையின் உட்புறத் தோலும் ஒவ்வொரு முறையும் உரிய வேண்டும். உரியாத துணுக்கு உள்ளே தங்கினால் மணல் விழுந்த கண் மாதிரி உறுத்தும். கண்ணைத் தேய்க்கும், ஓரத்தில் வெள்ளையாகக் கட்டி தெரியும், இரையைப் பாய்ந்து பிடிக்கும்போது குறி தவறும். பசி இல்லை என்று நீங்கள் நினைப்பது சில சமயம் பார்வை இல்லாததுதான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய 0.9 விழுக்காடு உப்புநீரில் இரண்டு சொட்டு விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் அல்ல, வெறும் உப்புநீர். அப்புறம் அதை ஈரப்பெட்டியில் விட்டுவிடுங்கள். பல நேரம் தானே நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதக் கண்மருந்தை ஊற்றாதீர்கள், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இடுக்கியோடு கண்ணுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். ஒரு நாளில் திறக்கவில்லை என்றால் மருத்துவர். கண்ணில் காத்திருப்பதற்குக் கிடைக்கும் நேரம் விரலில் கிடைப்பதைவிடக் குறைவு.

திரும்பத் திரும்பக் கண்ணிலேயே வருகிறதென்றால் உணவில் விட்டமின் ஏ குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சத்து குறைந்தால் கண்ணைச் சுற்றிய தோலின் இயல்பே மாறிப்போய்க் கழிவு திரளும். அதற்காக விட்டமின் ஏ மாத்திரையை நசுக்கிப் போடாதீர்கள். கூடினாலும் தோலையே கெடுக்கும். ஊர்வனவுக்கான மல்டிவிட்டமின் பொடியை, டப்பாவில் சொன்ன அளவில் பூச்சிமேல் தூவினால் போதும். திறந்து வருடக்கணக்கான பொடியில் சத்து மிஞ்சியிருக்காது, புதிதாக வாங்குங்கள்.

ஈரப்பெட்டி இருக்கிறது, ஈரப்பதமும் சரி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒட்டுகிறது. ஏன்?

முதலில் சூட்டைப் பாருங்கள். சூடான பக்கத்தின் தரை 32 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், மறுபக்கம் 24, 25. உடம்பு சூடேறாத கெக்கோவுக்குச் செரிமானமும் மந்தம், தோல் வேலையும் மந்தம். ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேரே மின்சாரத்தில் சொருகியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது 40ஐத் தாண்டிப் போகும், வயிறு வெந்துவிடும், அந்தப் புண்ணைப் பார்த்துத் தோல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தில் நாள்தோறும் புதுத் தண்ணீர் இருக்கிறதா? கண் உள்வாங்கி, பக்கவாட்டுத் தோலில் சுருக்கம் விழுந்திருந்தால் உடம்பில் நீர் போதவில்லை.

பிறகு எடை. இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். தோலும் ஒட்டுகிறது, சாப்பிட்டும் எடை இறங்குகிறது, கொழுத்திருந்த வால் குச்சியாகிறது என்றால் ஈரப்பதத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். அதில் கிரிப்டோஸ்போரிடியம் என்பது மோசமானது, ஒரு கெக்கோவிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். மலத்தைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வேறு கெக்கோ இருந்தால் அதுவரை பிரித்து வையுங்கள், பாத்திரங்களையும் கலக்காதீர்கள்.

பழைய தழும்பு இருக்கும் இடத்தில் தோல் எப்போதும் சண்டை போடும். அதற்கு மருந்தில்லை, ஒவ்வொரு முறையும் ஊறவைத்து உதவ வேண்டியதுதான்.

அம்மம்மா பல்லி விஷம் என்கிறார். வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது.

கெக்கோ இனத்தில் விஷமுள்ளது எதுவும் இல்லை, நம் ஊர்ச் சுவர்ப் பல்லி உட்பட. லெப்பர்ட் கெக்கோ ‘ச்சிக் ச்சிக்’ என்று சகுனமும் சொல்லாது; குஞ்சாக இருக்கும்போது பயந்தால் கிறீச்சிடும், அதற்குப் பலன் பார்க்க வேண்டாம்.

ஆனால் அம்மம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான கெக்கோவின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். உரித்த தோல், மலம், ஊறவைத்த தண்ணீர் எல்லாவற்றிலும் அது வரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் கெக்கோவையும் அதன் கூண்டையும் தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. மற்றவர்கள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊறவைக்கும் டப்பாவை அதற்கென்றே ஒதுக்குங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவுவதும், பழைய இட்லிப் பாத்திரத்தை ‘இதற்கு இருக்கட்டும்’ என்று எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி சமையலுக்கு எடுப்பதும் கூடாது.

எங்களிடம் இருப்பது கிரெஸ்டட் கெக்கோ. இதெல்லாம் பொருந்துமா?

ஊறவைக்கும் முறை பொருந்தும், மற்றது பொருந்தாது. அது நியூ கலிடோனியா தீவின் மழைக்காட்டு வாசி. அழிந்துபோனதாக நினைத்திருந்த இனத்தை 1994இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு ஈரப்பெட்டி போதாது, கூண்டே ஈரமாக வேண்டும். மாலையில் நன்றாகத் தெளித்து 80 விழுக்காட்டுக்கு ஏற்றி, பகலில் 50க்கு இறங்கிக் காயவிடுங்கள். விரலடியில் ஒட்டும் பட்டை இருப்பதால் தோல் அங்கே நின்றால் கண்ணாடியில் பிடி வழுக்கிக் கீழே விழும். அதுதான் முதல் அறிகுறி. இமை கிடையாது. வால் போனால் திரும்ப முளைக்காது என்பதால் பிடிக்கும்போது இன்னும் கவனம்.

எங்கள் பக்கத்து மருத்துவர் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பாராம்.

பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். ஊர்வன பார்க்கும் எக்ஸாட்டிக்ஸ் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களுக்கென்று ‘ஏராவ்’ (ARAV) என்ற சங்கம் உண்டு, அதன் தளத்தில் ஊர்வாரியாக மருத்துவர்களைத் தேடலாம். பிரச்சினை வருவதற்கு முன்பே தேடி எண்ணைக் குறித்து வையுங்கள். ஞாயிறு இரவில் கறுத்த விரலோடு தேடினால் கிடைக்காது. போகும்போது கூண்டின் படம், சூடு, ஈரப்பத அளவு, என்ன தீனி, என்ன பொடி, எடைக் குறிப்பு, முடிந்தால் அன்றைய மலம் இவற்றைக் கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் டப்பாவைப் போர்வைக்குள் வைத்து, காரை முன்கூட்டியே சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?

ஆறு வாரத்தில் ஒருமுறையாவது தோல் உரிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனி, தண்ணீர் எல்லோரும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு தாளில் எழுதிக் கூண்டிலேயே ஒட்டுங்கள்: பெட்டிப் பாசி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், வெளுத்தால் பயப்பட வேண்டாம், தொடவும் வேண்டாம், நிறம் திரும்பிய மறுநாள் நான்கு காலையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும். விரலை அவர்கள் தொட வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். பூச்சி பிடிக்க அருவருப்புப்படுபவர் வீட்டில் விடாதீர்கள், ‘நேற்றே சாப்பிட்டது’ என்று சொல்லிவிடுவார்.